ஓர் அலையும் கொஞ்சமும்

பன்னிரண்டரை ஆக இன்னும் நாற்பது விநாடி இருந்தபோது சண்முகவடிவு மோட்டார் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இனி ஒன்றரை மணி வரைக்கும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் கரிசல்காட்டுக் காற்று உள்ளே வரும், காற்று வந்தால் ஹாட்பேக்குக்குள் துண்டில் சுற்றி வைத்திருக்கிற சவுண்டு கார்டு ஒரு டிகிரியோ அரை டிகிரியோ ஆறும், ஆறினால் அதற்குள் அரிசி மணி அளவில் இருக்கிற படிகத்தின் துடிப்பு மாறும். இட்லி ஆறாமல் இருக்க வாங்கிய ஹாட்பேக். மூடியில் ஓட்டை போட்டு வயரை வெளியே எடுத்தபோது அவள் புருஷன் பலவேசம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இனிமே இட்லிய எதுல வைப்ப" என்று மட்டும் கேட்டார். முப்பது, இருபத்தொன்பது. ஜன்னலைச் சாக்கால் அடைத்தாயிற்று. மின்விசிறி கிடையாது, இருந்தாலும் போட்டிருக்க மாட்டாள். முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்குவது தெரிந்தது. கோடு. இன்றைக்கு எதைப் பார்த்தாலும் கோடாகத்தான் இருந்தது, காலையில் தோசைக்கல்லில் எண்ணெய் ஓடியதுகூட. பத்து, ஒன்பது. லேப்டாப் திரை தானாக இருண்டுவிட்டது. அதுவும் நல்லதுதான், தொட்டால் அதன் உள்விசிறி சுற்ற ஆரம்பித்துச் சூட்டைக் கக்கும். மூன்று, இரண்டு. வேப்பமரத்தடியில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் சத்தம் திடீரென்று கனத்தது, பாரவண்டி மேட்டில் ஏறும்போது கனக்கிற மாதிரி. அதற்கு மேலே, ஊசி முனை போல, மெல்லியதாக ஒரு கீச்சல். கிளம்பிவிட்டது. அவளுக்குள் ஒரு சிறுபிள்ளை எழுந்து உட்கார்ந்தது. ஐம்பத்திரண்டு வயதில், பாலிடெக்னிக் லேபில் இருபத்தேழு வருஷம் மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் எடுத்துக் கொடுத்து வாங்கி வைத்த பிறகு, இப்படி ஒன்று எழுந்து உட்காரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்.

விநாடிக்கு எட்டாயிரத்து இருநூற்று எழுபது முறை, அதற்கு மேல் ஒரு முறையில் பத்தில் ஒரு பங்கு. எட்டாயிரத்து இருநூற்று எழுபது புள்ளி ஒன்று. அந்த ஒரே சுரத்தைத்தான், பாட்டுக் கேட்பதற்காகச் செய்த அந்தச் சின்னக் கார்டு இப்போது உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அது வயர் வழியாக வேப்பமரத்தடிக்குப் போய், சடங்கு வீட்டிலும் கோயில் கொடையிலும் ஊரை எழுப்புகிற முத்துக்கனியின் மைக்செட் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்து பெருகுகிறது. அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போகவில்லை. தண்ணீரே வராமல் போன இரண்டு போர்வெல்களின் இரும்புக் குழாய்களுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே நானூறு மீட்டர். ஒன்றில் இறங்கிய மின்சாரம் அடிப்பாறைக்குள் வழி தடவிக்கொண்டு போய் மற்றதில் ஏறி வருகிறது. போகிற வழியில் துளி சிந்துகிறது. சிந்துகிற துளிதான் வானொலி அலை. மைக்செட் ஐந்நூறு வாட் தின்றால், வெளியே சிந்துவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிய விஷயம். அதைத்தான் நாற்பத்து நாலு கிலோமீட்டருக்கு அப்பால், தருவைக்குளத்து உப்பளத்தில், பம்புசெட் மெக்கானிக் ராயப்பன் ஒரு கம்பியில் பிடித்து இன்னொரு சவுண்டு கார்டுக்குள் விட்டு, ஒரு மணி நேரம் சேர்த்துச் சேர்த்துப் பார்க்கப் போகிறான். காதில் கேட்காது. எங்கேயோ வெட்டுகிற மின்னல், மின்கம்பி, மோட்டார், உலகத்தின் இரைச்சல் எல்லாம் அப்படியும் இப்படியும் ஆடி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு போக, ஆடாமல் ஒரே எண்ணில் நின்றது மட்டும் திரையில் மயிரிழை போல ஒரு கோடாக மிஞ்சும். பலம் இல்லாதவர்களுக்கு அது ஒன்றுதான் வழி, ஆடாமல் நிற்பது. அலையின் நீளம் முப்பத்தாறு கிலோமீட்டர். ஒரே ஓர் அலை. இங்கே கிளம்பினால் எட்டயபுரத்தைத் தாண்டி, குறுக்குச்சாலைக்கும் அந்தப் பக்கம் போய்த்தான் முடியும். அடுத்தது எழுந்து கொஞ்ச தூரத்திலேயே ராயப்பன். ஓர் அலையும் கொஞ்சமும். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு பலவீனமாக இருக்கிற ஒன்றை நினைத்து.

முத்துக்கனிதான் காலையில் பாடாய்ப் படுத்தினான். ஜெனரேட்டரை இறக்கி வைத்துவிட்டு, "எங்கக்கா குழாய் கட்டணும்" என்று நாலு பக்கமும் பார்த்தான். குழாய் என்றால் அவனுக்கு ஒலிபெருக்கி. "ஸ்பீக்கர் வேண்டாம் கனி." "ஸ்பீக்கர் வேண்டாமா? அப்ப சத்தம்?" "இந்தா, இந்தக் குழாய்ல கட்டு" என்று போர்வெல்லைக் காட்டினாள். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். "கீழ யாருக்கா இருக்கா?" பலவேசம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு மணி நேரத்துக்கு ஒரே சத்தந்தான் கனி. யாருக்கும் கேக்காது." "பதினாறு வருசமா மைக்செட் கட்டுதேன். சத்தம் பத்தலம்பாக, கூடிப் போச்சும்பாக. யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு கூப்பிட்டது நீங்கதான்" என்றான். பிறகு ஆம்ப்ளிஃபயரை மரத்தடியில் வைத்து, மூன்று மணிக்கு வேறு ஊரில் கட்ட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டான். மூன்று மணி அவளுக்கும்தான். மூன்று மணிக்கு மைக்செட் போகும், நாளைக்குக் காலையில் இந்தப் போர்வெல்களே போய்விடும். திறந்து கிடக்கிற போர்வெல்லையெல்லாம் மூடச் சொல்லிப் பஞ்சாயத்திலிருந்து தாக்கீது. நிலம் பலவேசத்தின் அண்ணனுடையது. குழாயை உருவிவிட்டு மண்ணைப் போட்டு நிரப்ப ஆள் சொல்லியாகிவிட்டது. மூடுவது நியாயம்தான், பிள்ளைகள் ஓடியாடுகிற இடம். ஆனால் நானூறு மீட்டர் இடைவெளியில், பாறை வரைக்கும் இறங்கிய இரண்டு இரும்புக் குழாய், நடுவே மின்கம்பம் ஒன்றுகூட இல்லாமல், இன்னொரு இடத்தில் யார் வைத்திருப்பார்கள். இன்று ஒருநாள். இந்த ஒரு மணி நேரம். அப்புறம் கிடையாது. தூரத்துக் குழாயை யாரும் தொட்டுவிடாமல் இருக்க பலவேசம் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக அங்கே உடைமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். லைன்மேனாக முப்பத்து நாலு வருஷம். கம்பியைக் காவல் காக்க அவரைவிட ஆள் கிடையாது. "என்ன ஆனாலும் கதவத் தட்டக் கூடாது. என்ன ஆனாலும்" என்று மூன்று முறை சொல்லியிருந்தாள். "பாம்பு கடிச்சா?" "ஒன்றரைக்குச் சொல்லுங்க."

ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் போடுகிற அந்தக் கீச்சல் சீராக இருந்தது. சில் வண்டு மாதிரி. வயசானவர்களுக்கு இந்தச் சுரம் கேட்காது என்பார்கள், அவளுக்கு இன்னும் கேட்கிறது, அதில் ஒரு கர்வம். கர்வம்தானே அன்றைக்கும் கெடுத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அனுப்பியவன் ராயப்பன், கேட்டவள் இவள். உப்பளத்தில் பட்டம் விட்டு அதில் கம்பியைத் தொங்கவிட்டு அனுப்பினான். எட்டாயிரத்து இருநூற்று எழுபது என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டார்கள், முழு எண் என்றால் ஒரு சுத்தம் என்று. அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சேர்த்தாள். வந்தது கோடு. அப்படி ஒரு கோட்டை அவள் கண்டதில்லை, ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல, ஒரு நடுக்கம் இல்லாமல். கைகால் ஓடவில்லை. ராயப்பனிடம் கேட்கக்கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாம் ரேடியோக்காரர்கள் எல்லோரும் ரேடியோவில் கூடிப் பேசுகிற நேரத்தில், இருபது பேர் கேட்க, நேரடியாகச் சொல்லிவிட்டாள். முழு ஒரு மணி நேரமும் வந்தது என்றாள். கோடு அசையவே இல்லை என்றாள். அசையவே இல்லை என்று இரண்டு தடவை. அப்புறம் ராயப்பனின் குரல். "அக்கா, பட்டம் பத்தாவது நிமிசமே பாத்திக்குள்ள விழுந்துட்டுக்கா. நான் எல்லாத்தையும் அமத்திட்டுச் சோறு திங்கப் போயிட்டேன்." யாரோ சிரித்தார்கள். ராயப்பனும் சிரித்தான், அவனால் அடக்க முடியவில்லை. "என் பட்டம் விழுந்தப்புறந்தான் நல்லாக் கேட்டிருக்கு போல." அது போதாதென்று, "ஆன்டெனாவக் கழட்டிப் பாத்தீங்களாக்கா?" அவள் மாடிக்கு ஓடி ஆன்டெனாவைக் கழற்றினாள். கோடு அப்படியே நின்றது. ஆன்டெனாவே இல்லாமல் நின்றது. செயற்கைக்கோளிலிருந்து விநாடிக்கு ஒரு துடிப்பு வருகிறது, அதைக் கார்டின் இடது காதில், அதாவது இடது உள்ளீட்டில், விட்டால்தான் கார்டு எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்று தெரிந்து கணினி அதைத் திருத்தும். விநாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் அளவு எடுக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பான், உண்மையில் ஒன்றரை குறைவாக ஓடும். வலது காதில் ஆன்டெனா. இரண்டு காதுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்று அவள் நம்பியிருந்தாள். துடிப்பு கசிந்திருக்கிறது. விநாடிக்கு ஒரு முறை விழுகிற அடி ஒவ்வொரு முழு எண்ணிலும் ஒரு கோடு போடும், ஐயாயிரத்திலும் போடும், எட்டாயிரத்து இருநூற்று எழுபதிலும் போடும். அவள் ஒரு மணி நேரம் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது தன் கடிகாரத்தையே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரேடியோவைப் போடவில்லை. அதற்கடுத்ததும். ராயப்பன் மூன்று முறை போன் செய்தான், எடுக்கவில்லை. நாலாவது முறை செய்யவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளாகக் கூப்பிட்டபோது, "சொல்லுங்க மேடம்" என்றான். மேடம். அக்கா எங்கே போனாள் என்று கேட்க முடியுமா. போர்வெல் விஷயத்தைச் சொன்னாள். அவன் உற்சாகத்தை மறைக்கப் பார்த்தது குரலில் தெரிந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு செய்வோம் மேடம். ரெண்டு பேருக்கும் நல்லது" என்று அந்த ஏற்பாட்டைச் சொன்னான். ஒரு மணி நேரத்தை ஐந்து ஐந்து நிமிஷமாகப் பன்னிரண்டு கட்டமாகப் பிரிப்பது. ஏதாவது ஒரு கட்டத்தில் அவள் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும். எந்தக் கட்டம் என்று அவனுக்குச் சொல்லக் கூடாது. "வீட்ல அண்ணன்கிட்டயும் சொல்லாதீங்க. கோடு எந்தக் கட்டத்துல அறுந்திருக்குன்னு நான் சொல்லுதேன். சரியா இருந்தா வந்தது உங்க சத்தம். இல்லைன்னா, நான் பாத்தது வேற எதுவோ. அம்புட்டுதான்." நல்ல ஏற்பாடு. அதைக் கேட்டபோது காது சுட்டது. தன்னை நம்பவில்லை என்று தோன்றியது, உடனே இல்லை, அவன் தன்னையே நம்பாமல் இருக்கப் பார்க்கிறான் என்றும் தோன்றியது, இரண்டு வருஷம் முன்பு நான் செய்யாததை. ஒன்பதாவது கட்டம். காலண்டரில் கிழித்த தாளில் எழுதி மடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள். ஒன்று பத்திலிருந்து ஒன்று பதினைந்து. கணினியிலேயே போட்டு வைத்தாயிற்று, தானே நிற்கும், தானே தொடங்கும். ஏன் ஒன்பது. முதலில் ஏழு என்று நினைத்தாள், எல்லோரும் ஏழுதான் நினைப்பார்கள். ஆறு நடுவில் இருக்கிறது. பன்னிரண்டு கோழைத்தனம். ஒன்பது என்று எழுதிய பிறகு மனது அதைத் தவிர எல்லா எண்ணையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

புள்ளி ஒன்று போட்டோமா. திடீரென்று அது வந்து நெஞ்சில் நின்றது. முழு எண் வேண்டாம், பக்கத்தில் விலகி நிற்கலாம் என்றுதான் புள்ளி ஒன்று. காலையில் பெட்டியில் எட்டு இரண்டு ஏழு பூஜ்யம் என்று அடித்தாள், அப்போது பலவேசம் கிளிப்பு எங்கே என்று கேட்டார், இருபது ஆம்பியர் கிளிப்பா பெரியதா என்றார், பெரியது என்றாள், திரும்பினாள், அப்புறம் புள்ளி அடித்தாளா. விரலில் நினைவு இருக்கிறதா என்று பார்த்தாள். வலது கை மோதிரவிரல் புள்ளியை அடிக்கும், அது அடித்ததா. அடிக்கிற மாதிரி காற்றில் அசைத்துப் பார்த்தாள். அசைத்ததால் அடித்தது போல் இருந்தது. அடிக்காத விரலும் இப்படித்தான் சொல்லும். ஒரு தட்டுத் தட்டினால் திரை விழிக்கும், ஒரே பார்வை. விசிறி சுற்றும். அரை டிகிரி. செயற்கைக்கோளின் துடிப்பு திருத்தும்தான், ஆனால் அது நிதானமான வாத்தியார், பத்து இருபது நிமிஷம் பார்த்துத்தான் திருத்தும், அதற்குள் கோடு வழுக்கிவிடும். கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். முழு எண்ணில் அனுப்பிக்கொண்டிருந்தால் ராயப்பனின் திரையில் அவனுடைய கடிகாரக் கோட்டுக்கு மேலேயே போய் உட்கார்ந்திருப்பேன், அவன் பார்ப்பான், ஒன்றும் சொல்ல மாட்டான், சிரிக்கக்கூட மாட்டான். சிரிக்காமல் இருந்தால் அது இன்னும் மோசம். சரி, பரவாயில்லை மேடம், என்பான். எந்தப் பரவாயில்லையை இன்னொரு இரண்டு வருஷம் சுமப்பது.

அப்போதுதான் ஜெனரேட்டர் இலேசானது. அல்லது இலேசானது போல் இருந்தது. மேட்டில் ஏறிய வண்டி சமதளத்துக்கு வந்த மாதிரி. கீச்சல் இருக்கிறதா. இருக்கிறது, ஆனால் குரல் மாறின மாதிரி, தொண்டையில் இருந்தது மூக்குக்குப் போன மாதிரி. அவள் எழுந்து கதவருகே போய் மரப்பலகையில் காதை வைத்தாள். காதுக்குள் தன் நாடி அடிப்பதுதான் கேட்டது. ஒருவேளை முத்துக்கனி எழுந்து எதையாவது திருகிவிட்டானோ. ஒருவேளை எனக்குத்தான் காது அடைத்துக்கொண்டதோ, பஸ்ஸில் குற்றாலம் போகும்போது அடைப்பதைப் போல. எச்சிலை விழுங்கினாள். தாழ்ப்பாளில் கை போய்விட்டது. இரும்பு சுட்டது. திறக்கலாம், எட்டிப் பார்க்கலாம், இரண்டு விநாடி. திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும், திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. பயம் எத்தனை தடவை இப்படிக் கதவைத் திறக்க வைத்திருக்கிறது. பால் பொங்குகிறதா என்று, பிள்ளை மூச்சு விடுகிறானா என்று. மகன் சின்னதில் தூங்கும்போது ராத்திரிக்கு நாலு முறை மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள், அவன் அதனாலேயே விழித்துக்கொண்டு அழுவான். இப்போது பெங்களூரில் இருக்கிறான், போன வாரம் போனில், "அம்மா, வாட்ஸாப்பில் ஒரு மெசேஜ் போட்டா அவருக்குப் போயிருமே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்" என்றான். என்ன சொல்வது. போய்ச் சேருவதற்காகவாடா அனுப்புகிறேன். ஆமாம், போய்ச் சேருவதற்காகத்தான். ஆனால் யாரும் தூக்கிக்கொண்டு போகாமல். கையை எடுத்தாள். விரலில் துரு. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், எண்ண ஆரம்பித்தாள், முந்நூறு வரை எண்ணினாளா, நடுவில் விட்டாளா தெரியவில்லை, ஜெனரேட்டர் மறுபடி கனத்திருந்தது. எப்போது கனத்தது. கனத்துக்கொண்டேதான் இருந்ததோ. ஆக எனக்குத்தான் காது. அப்பாடா என்று இருந்தது, ஐம்பத்திரண்டு வயதுக் காதை நினைத்து ஒரு மனுஷி சந்தோஷப்படுவது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சந்தோஷம் அதற்கப்புறம் போகவே இல்லை. ஏன் என்று தெரியவில்லை, வெந்துபோகிற அந்த அறைக்குள், நாக்கு அண்ணத்தில் ஒட்ட, அவள் சந்தோஷமாக இருந்தாள். காலுக்கடியில் போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்தாள், ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும். சிமெண்டுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே பாறை, பாறைக்குள் என் சத்தம். எட்டயபுரத்தில் யாரோ மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருப்பார்கள், அவர்களைத் தாண்டிப் போகிறது, பருத்திக் காட்டில் ஒரு பெண் நிமிர்ந்து இடுப்பைப் பிடிப்பாள், அவளையும் தாண்டி, காற்றாலை, கடல் காற்று, உப்புப் பாத்தியில் தலைகீழாகத் தெரிகிற வானம், அதன் ஓரத்தில் தகரக் கொட்டகைக்குள் தோள் துண்டோடு குனிந்து ராயப்பன். அவனுக்கும் வியர்க்கும். அவனும் விசிறி போட்டிருக்க மாட்டான். இரண்டு பேர், நாற்பத்து நாலு கிலோமீட்டர் தள்ளி, ஒரே மணிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இதை யாரிடம் சொன்னால் புரியும். பலவேசத்துக்குப் புரியும். அவர் ஒன்றும் கேட்க மாட்டார், ஆனால் புரியும். கரண்ட்டு போனால் நேரத்தைக் குறித்து வைக்கிற மனுஷன். வேலையில் இருந்தபோது குறித்தார் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் அந்தக் குட்டி நோட்டு. போனது 7.12, வந்தது 7.40. கல்யாணமான மூன்றாம் நாள் மறுவீட்டில் விளக்கு அணைந்தபோது எல்லோரும் ஓ என்று கத்த, இவர் தீக்குச்சி வெளிச்சத்தில் எதையோ எழுதினார். கவிதை என்று அவள் நினைத்தாள். மறுநாள் எடுத்துப் பார்த்தால், 8.55, காற்று, மரக்கிளை. அன்றைக்கு அழுகை வந்தது. இன்றைக்கு நினைத்தால், அதுவும் ஒருவிதத்தில், ஆடாமல் நிற்பதுதான்.

ஒன்று பத்துக்குச் சத்தம் நின்றது. கணினி தானே நிறுத்தியது. ஒன்பதாவது கட்டம். கீச்சல் அறுந்த இடத்தில் நிஜமான சில் வண்டுகள் கேட்டன. ஜெனரேட்டர் இலேசாகி, சமதளத்தில் ஓடுகிற வண்டியைப் போல ஓடிற்று. அவள் தலையை நிமிர்த்தினாள். இது அதே சத்தம். முன்னால் கேட்டதும் இதேதான். அப்படியென்றால் அது காது இல்லை. அப்போதும் பாரம் இறங்கியிருக்கிறது. ஆனால் பாரம் இறங்கினால் கம்பி விலகியிருக்க வேண்டும், விலகிய கம்பி தானே போய் மாட்டிக்கொள்ளுமா. பலவேசம் இருக்கிறார், விலக விட மாட்டார். ஆக இரண்டில் ஒன்று என் கற்பனை. எது. ஐந்து நிமிஷமும் அதையே சுற்றிச் சுற்றி வந்தாள், செக்குமாடு மாதிரி, ஒரு சுற்றில் காது என்றும் அடுத்த சுற்றில் கம்பி என்றும். கால் விரல்கள் குளிர்ந்திருந்தன, அந்த வெக்கையில். ஒன்று பதினைந்துக்கு ஜெனரேட்டர் முனகிப் பாரத்தை ஏற்றிக்கொண்டது. கீச்சல் வந்தது. அந்தக் கீச்சலைக் கேட்டு இவ்வளவு நிம்மதியடைகிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான் என்று நினைத்துக்கொண்டாள். மீதிப் பதினைந்து நிமிஷம் எப்படிப் போயிற்று என்று பிற்பாடு யோசித்தபோது அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது அசையவில்லை.

ஒன்றரைக்குச் சத்தம் நின்றது. அணைத்து வைத்திருந்த போனை உயிர்ப்பித்தாள். அது விழித்து, சிக்னல் தேடி, இரண்டு கோடு காட்டிய அந்த நொடியே அடித்தது.

"மேடம், ராயப்பன் பேசுதேன்."

"சொல்லுங்க."

"புள்ளி ஒண்ணுல கோடு இருக்கு."

அவள் சுவரில் சாய்ந்தாள். விரல் அடித்திருக்கிறது.

"நல்லாவே இருக்கு மேடம். முழு எண்ணுல ஒண்ணு நிக்கி, அது நம்ம பழைய ஆளு, அத விடுங்க. தள்ளிப் புள்ளி ஒண்ணுல தனியா ஒண்ணு. ஆனா..." காற்று போனில் மோதும் சத்தம். அவன் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றிருக்க வேண்டும். "ஆனா நான் ஒத்துக்கிட முடியாது. ஒரு எடத்துல அறுக்கணும்னுதான பேச்சு. எனக்கு ரெண்டு எடத்துல அறுந்து தெரியுது. ஒம்பதாவது கட்டம் சுத்தமா இல்ல. அது சரியா?"

"சரி."

"சரின்னா, இன்னொண்ணு என்ன? நாலாவதுல பாதி, அஞ்சாவதுல பாதி. அங்கயும் கோடு இல்ல. சும்மாவே ஒரு பள்ளம் விழும்னா, ஒம்பதாவதும் சும்மா விழுந்த பள்ளமா இருக்கலாம்லா. பன்னெண்டுல ஒண்ணு குருட்டாம்போக்காவும் அமையும். நானே ஆசைப்பட்டுப் பாக்கேனோ என்னமோ. ஒரு தடவ ஆனது போதும் மேடம்."

அவன் சொல்வது சரி. அதுதான் வலித்தது, அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னான். நாலாவது. பன்னிரண்டே முக்காலுக்கு மேல். தாழ்ப்பாள், துரு, பஸ்ஸில் அடைத்த காது. அவள் கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. வரப்பில் பலவேசம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார், இடது கையில் இன்னும் கழற்றாத ரப்பர் உறை. தப்புச் செய்த பள்ளிக்கூடத்துப் பையனின் நடை. அவர் அப்படி நடந்து அவள் பார்த்ததே இல்லை.

"வடிவு, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத. நீதான தட்டக் கூடாதுன்ன..."

"பேசாதீங்க."

"இல்ல, அந்தக் கருப்பு வெள்ளாடு..."

"ஒரு வார்த்த பேசாதீங்க" என்று அவர் மார்பில் கையை வைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். "ராயப்பன். அந்த மொதப் பள்ளம் எப்ப விழுந்துச்சு, எப்ப ஏறுச்சு? நிமிசம் சொல்லுங்க."

"நிமிசமெல்லாம் அவ்வளவு நறுக்கா..."

"தெரிஞ்ச மட்டுக்கும்."

அவன் உள்ளே போனான். ஏதோ தட்டுகிற சத்தம். பலவேசம் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"போனது பன்னெண்டு நாப்பத்தேழு" என்றது போன். "வந்தது அம்பத்திரண்டு, அம்பத்திமூணு. ஒரு நிமிசம் முன்ன பின்ன இருக்கும்."

பலவேசம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். உருண்டையான, பிசிறில்லாத எழுத்து. அவள் வாசித்தாள், வாய்விட்டு, லேபில் ரீடிங் சொல்வதைப் போல. "பன்னிரண்டு நாற்பத்தேழு, கிளிப் விலகல், ஆடு. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு, சரி."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பம்பு ஓடிற்று.

"அண்ணன் எழுதி வச்சிருக்காகளா?"

"எழுதி வச்சிருக்காக."

"நான் சொல்லுததுக்கு முன்னாலயே?"

"அஞ்சு நிமிசம் ஆடு பின்னால ஓடிப் பிடிச்சு, உறையப் போட்டு மாட்டிட்டுத்தான் எழுதினேன்" என்றார் பலவேசம், போனைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாக. "வயரத் தின்னுட்டுது. ஓரம் மட்டுந்தான்."

அவளுக்கு இரண்டு வருஷமாக நாக்கு நுனியில் ஒரு கேள்வி இருந்தது. எத்தனையோ விதமாக அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், குத்துகிற மாதிரி, பெருந்தன்மையாக, ஒன்றுமே நடக்காதது போல. இப்போது சாதாரணமாகத்தான் வந்தது.

"ஆன்டெனாவக் கழட்டிப் பாத்தீங்களா, ராயப்பன்?"

"எதுக்குக்கா" என்றான். "அதான் ஆடு கழட்டிப் பாத்துட்டுதே."

வேப்பமரத்தடியில் முத்துக்கனி எழுந்து உட்கார்ந்து, முடிந்துவிட்டதா என்று கையால் கேட்டான். அவள் தலையாட்டினாள். அக்கா என்றான், ராயப்பன். அவனும் அதைக் கவனித்திருக்க வேண்டும், வெறுமனே இருமினான். பலவேசம் நோட்டைத் திருப்பி வாங்கி, பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, கடைசி வரிக்குக் கீழே 1.36, சரி என்று எழுதினார். எது சரியாயிற்று என்று அவள் கேட்கவில்லை.